நாள் தள்ளும் முன்பே கரு நின்றது தெரியுமா?

கேள்வி: எனக்கு 27 வயது, ரங்கூனில் இருக்கிறோம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாதவிலக்கு 30 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும், கடைசியாக வந்தது ஜூன் 5. 19, 21 தேதிகளில் சேர்ந்திருந்தோம். 24ஆம் தேதி காலை தெருமுனை மொஹிங்காக் கடை மீன் வாடை பட்டதும் குமட்டியது. மார்பு கனக்கிறது, அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று குத்துகிறது, மத்தியானம் ஆனால் தூக்கம் தள்ளுகிறது. மாமியார் நாடி பிடித்துப் பார்த்து "நின்றுவிட்டது" என்கிறார். ஆனால் 25, 27, இன்று 28, மூன்று நாளும் டெஸ்ட் அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. நடுவில் தலைவலிக்குக் கடையில் கொடுத்த பொட்டல மாத்திரையை இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டேன். ஜூலை 7 மோல்மேனில் பெரிய நாத்தனார் மகள் கல்யாணம். பஸ்ஸில் போகலாமா, போனால் கலைந்துவிடுமா?

பதில்: வணக்கம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜூன் 28 வரைக்கும் உங்களுக்குக் கரு நின்றதா இல்லையா என்று உங்கள் உடம்பாலும் சொல்ல முடியாது, மாமியாராலும் முடியாது, நானே நேரில் பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மூன்று அட்டைகளில் வந்த ஒற்றைக் கோட்டுக்கும் ஒரு அர்த்தமும் இல்லை. "இல்லை" என்று நினைத்து அழுதிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏன் என்று தேதி வைத்தே பார்ப்போம். சினைமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. உங்களுக்கு அடுத்தது வரவேண்டியது ஜூலை 5, அப்படியானால் முட்டை வெளியானது ஜூன் 21ஐ ஒட்டி. அந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், அதுவும் முழுசாக இல்லாமலும் போகலாம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் நீங்கள் சேர்ந்திருந்த இரண்டு தேதிகளும் நல்ல தேதிகள்தான். இரண்டும் சேர்ந்து கரு உருவானாலும் அது உடனே கருப்பையில் போய் உட்கார்ந்துவிடாது. கருக்குழாய்க்குள்ளேயே பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டு மெல்ல நகர்ந்து வந்து, கருப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ள 6 நாளிலிருந்து 12 நாள் வரை ஆகும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பம் நிலைத்த பெண்களில் நூற்றுக்கு 84 பேருக்குக் கரு ஒட்டியது 8, 9, 10ஆம் நாட்களில். உங்கள் கணக்கில் அது ஜூன் 29, 30, ஜூலை 1. நீங்கள் முதல் அட்டையை நனைத்தது 25ஆம் தேதி!

அட்டை பார்ப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு ஒட்டிய பிறகுதான் அது தாயின் ரத்தத்துக்கு வரும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும், சிறுநீரில் கோடு போடுகிற அளவுக்கு ஏற இன்னும் சில நாள் பிடிக்கும். ஒட்டாத கருவை எந்த அட்டையும் காட்டாது.

சரி, அப்படியானால் மார்பு கனப்பது பொய்யா, தூக்கம் தள்ளுவது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யே இல்லை. முட்டை வெளியான இடத்திலிருந்து புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கிறது. மார்பைக் கனக்க வைப்பது, வயிற்றை உப்ப வைப்பது, மலத்தை இறுக்குவது, மத்தியானத்தில் கண்ணைச் செருக வைப்பது எல்லாம் அதன் வேலை. கரு நின்றாலும் அது சுரக்கும், நிற்காவிட்டாலும் அடுத்த தீட்டு வரைக்கும் சுரக்கும். மற்ற மாதங்களிலும் இதே கனம் உங்களுக்கு வந்திருக்கும், ஆனால் அப்போது காத்திருக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை. குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும்போது உடம்பில் ஒவ்வொரு சுருக்கும் ஒரு சேதியாகப் படும். என் கிளினிக்குக்கு மாதா மாதம் இப்படி நம்பி வந்து, தீட்டு வந்ததும் இடிந்துபோகிற பெண்களைப் பார்க்கிறேன். அவர்கள் யாரும் கற்பனை செய்துகொண்டு வரவில்லை. அவர்கள் உணர்ந்தது நிஜம். அது எதனால் வந்தது என்பதை அந்த நாட்களில் பிரித்துச் சொல்லத்தான் வழி இல்லை.

மீன் வாடைக் குமட்டல் கொஞ்சம் வேறு விஷயம். மசக்கை பெரும்பாலும் கடைசித் தீட்டிலிருந்து ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், ஒன்பதாவது வாரம்போல் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். ஜூன் 24 என்பது முட்டை வெளியாகி மூன்றாம் நாள். அன்றைக்குக் குமட்டியதற்குக் காரணம் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், வெறும் வயிற்றோடு கிளம்பியதாக இருக்கலாம், மழைக்காலத் தண்ணீர் செய்த கோளாறாகவும் இருக்கலாம். குமட்டல் தொடர்ந்தால், வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அதற்காகவே ஒரு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பம் என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

சில பெண்களுக்குக் கரு ஒட்டும் சமயத்தில் ஓரிரு நாள் சொட்டுச் சொட்டாகப் பழுப்பாகவோ ரோஜா நிறத்திலோ படும். நாப்கின் நனையாது, துடைக்கும்போதுதான் தெரியும். எல்லோருக்கும் இது வராது, வராவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜூலை 5ஐ ஒட்டி வருகிற தீட்டு வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் "வந்துவிட்டது" என்று முடிவு கட்டாமல் அப்போதும் ஒரு டெஸ்ட் பார்த்துவிடுங்கள்.

மாமியாரைப் பற்றி. நாடி பார்த்துக் கர்ப்பத்தை, அதுவும் ஒரு வாரக் கருவை, சொல்ல முடியாது. இதை அவரிடம் சண்டையாகப் பேச வேண்டாம், ஆசையில் சொல்கிறார். நம் பெரியவர்களின் பேச்சிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவளை அவர்கள் "முழுகாமல் இருக்கிறாள்" என்றுதானே சொன்னார்கள்? தீட்டுக்கு அப்புறம் தலை முழுகுவது நின்றுபோனது, அதுதான் அடையாளம். குமட்டலைச் சொல்லவில்லை, மார்பைச் சொல்லவில்லை, நாள் தள்ளிப்போனதைத்தான் சொன்னார்கள். இன்றைக்கும் ஒழுங்காகத் தீட்டு வருகிற பெண்ணுக்கு முதலில் நம்பக்கூடிய அறிகுறி அதுதான்.

அதனால் ஜூலை 5 தாண்டட்டும். 6ஆம் தேதி காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் பாருங்கள். ராத்திரி நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் நீர்த்துப்போய் கோடு மங்கும். இந்த மழைக்காலத்தில் நம் ஊரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. அட்டையின் உறையைக் கிழித்து முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஈரக்காற்று பட்டே கெட்டுப்போகும், பார்க்கிற நிமிஷத்தில்தான் கிழிக்க வேண்டும். வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததை வாங்காதீர்கள். பெட்டியில் எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிஷத்தில் பார்த்து, அப்புறம் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு பெண் கரண்ட் இல்லாத விடியற்காலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் மத்தியானம் குப்பையிலிருந்து அதையே எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்திருக்கிறாள். சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்கோடு தெரிந்தது, வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். காய்ந்த அட்டையில் வருகிற அந்தக் கோடு கணக்கில்லை. குறித்த நேரத்துக்குள், மங்கலாக இருந்தாலும் நிறத்தோடு வருகிற இரண்டாவது கோடுதான் கணக்கு.

6ஆம் தேதியும் ஒற்றைக் கோடுதான், தீட்டும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், முட்டை சில நாள் தாமதமாக வந்திருக்கலாம். காத்திருக்கவே முடியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை சில நாள் முன்பே காட்டிக்கொடுக்கும். ஸ்கேனுக்கு மட்டும் இப்போதே ஓடாதீர்கள். கடைசித் தீட்டிலிருந்து ஐந்து வாரம் போல் ஆனால்தான் கருப்பைக்குள் சிறு பை தெரியும். இதயத்துடிப்பு தெரிய ஆறு ஏழு வாரம் ஆகும். அதற்கு முன்பு போய் "ஒன்றும் தெரியவில்லை" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வருவதில் என்ன பயன்?

அறிகுறியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தெரியாத இந்த நாட்களில், இருக்கிறது என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். முதல் வேலை ஃபோலிக் ஆசிட் மாத்திரை, தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பல பெண்கள் டாக்டரிடம் வருவதே மூன்றாம் மாதம்தான், அப்போது இந்த மாத்திரை செய்யவேண்டிய முக்கியமான வேலைக்கு நேரம் கடந்திருக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கிற மாதத்திலேயே தொடங்கி 12ஆவது வாரம் வரை சாப்பிட வேண்டும். இந்த மாதம் நிற்காவிட்டாலும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இப்படி ஏதாவது இருந்தால் அளவு அதிகம் வேண்டும், அதை நேரில் டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தப் பொட்டல மாத்திரைக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், கரு ஒட்டுவதற்கு முன்பு இரண்டு வேளை சாப்பிட்ட மாத்திரையால் குழந்தைக்குக் குறை வருவது மிக மிக அரிது. ஆனால் இனி வேண்டவே வேண்டாம். பெயரில்லாத நாலைந்து மாத்திரையை வெட்டிச் சேர்த்துக் கொடுக்கிற அதில் வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், கொடுத்தவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் வேண்டாம். இது கொசுக் காலம், காய்ச்சல் வந்தால் டெங்கு, மலேரியா இரண்டையும் பார்க்க வேண்டும். அப்போது எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "கர்ப்பமாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரிமாக்வின், மற்ற காய்ச்சல்களுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் இரண்டும் கர்ப்பிணிக்கு ஆகாது, வேறு மருந்து இருக்கிறது.

கூன்யா, அதாவது வெற்றிலை பாக்குச் சுருள், போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கூச்சப்படாமல் கேட்கிறேன், ஏனென்றால் கேட்டால்தான் சொல்கிறார்கள். அதில் புகையிலை போவது குழந்தையின் எடையைக் குறைக்கும், பாக்கும் நல்லதில்லை. வீட்டில் சிகரெட் பிடிப்பவர் வெளியே போய்ப் பிடிக்கட்டும். ஊறவைத்த தேயிலை கொஞ்சமாகச் சாப்பிடலாம், ஆனால் அதோடு காலை மாலை கடுந்தேநீர், காபி எல்லாம் சேர்ந்தால் காஃபீன் ஏறிவிடும், ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். பழுத்த பப்பாளி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பச்சைக் காயில்தான் பால் இருக்கிறது, அதைத் தள்ளி வையுங்கள்.

இதை மட்டும் வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். நாள் தள்ளிய பிறகோ கோடு வந்த பிறகோ, அடிவயிற்றில் ஒரே பக்கமாக விடாமல் வலி, கூடவே ரத்தக்கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும்போது இப்படித்தான் இருக்கும். ஒரு வீட்டில் வாயு என்று சொல்லி ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அந்தப் பெண்ணை என்னிடம் தூக்கி வந்தபோது உள்ளங்கை வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தது. உடனே ஆபரேஷனுக்கு அனுப்பினோம், பிழைத்தாள். உங்களுக்கு இப்போது அவ்வப்போது வந்து போகிற சுருக்குக்குத்தல் அந்த வகை இல்லை, அதனால் இதைப் படித்துவிட்டு அலற வேண்டாம்.

மோல்மேன் கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள். பஸ் குலுக்கலில் கரு கழன்று விழாது. ஆரம்பத்தில் கலைகிறவற்றில் பெரும்பாலானவை கருவிலேயே குரோமோசோம் குறை இருந்து கலைகின்றன, பயணத்தாலோ படி ஏறியதாலோ இல்லை. நடுவில் பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி நாலு எட்டு நடங்கள், சிறுநீரை அடக்காதீர்கள், வழியில் மூடிவைக்காத பண்டம் எதையும் சாப்பிடாதீர்கள், குடிக்க மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே ஒரு டெஸ்ட் அட்டையும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் இருக்கட்டும். 6ஆம் தேதி காலை நாத்தனார் வீடு விழிக்கும் முன்பு நீங்கள் எழுந்து பார்த்துவிடலாம், என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.