சுண்டுவிரல் விறைப்பு: பாரிசவாதமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கல்முனை–மட்டக்களப்பு லொறி ஓடுவதாகவும், இரண்டு மாதமாக வலது சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் விறைப்பதாகவும், பாரிசவாதமோ என்று பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் 'பாதி'யில்தான் விஷயமே இருக்கிறது. பாரிசவாதம் திடீரென்று வரும். பெரும்பாலும் கை, கால், முகம் என்று ஒரு பக்கத்தையே பிடிக்கும். விரலை நடுவால் பங்கு பிரித்து விறைக்க வைப்பது அநேகமாக அல்னார் நரம்பு. கழுத்தடியில் முண்ணாணிலிருந்து கிளம்பி, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் தோலை ஒட்டியே ஓடும். கதவில் இடித்தால் 'சுள்'ளென்று கரண்ட் அடிக்குமே, அதே இடம். பெருவிரல் பக்கத்து மூன்றரை விரலுக்கு, உள்ளங்கைப் புறத்தில், வேறு நரம்பு.

யன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றித்தானே ஓடுகிறீர்கள்? கல்லடிப் பாலத்தில் பார்த்தால் பாதிப்பேர் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையை மடித்துத் தூங்கினாலும் நரம்பு இழுபடும்; முழங்கையில் துவாயைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுங்கள். இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை சோதியுங்கள்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதால் டொக்டரிடம் காட்டுவதே சரி. சாவி திருப்பப் பிடி தளர்ந்தாலோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றினாலோ ஒரு நாளும் பிந்த வேண்டாம். முகம் கோணி, பேச்சுக் குழறினால் அது வேறு கதை, உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.