மாடித்தொட்டி மிளகாய்: கேள்வி பதில்

வடசென்னை மாடிகளில் மிளகாய் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: எந்தக் கேள்வியானாலும் செடிக்கு ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். நம்ம பக்கம் பாதி நோய் அங்கேதான் தொடங்குகிறது.

வியாசர்பாடி: காய்ந்த மிளகாய் விதை போட்டுப் பத்து நாள் ஆச்சு. இன்னும் முளைக்கலை அண்ணே.

இன்னும் நான்கைந்து நாள் பாருங்கள். மிளகாய் முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். கடை மிளகாய் விதையும் முளைக்கும், பழைய சரக்காக இருந்தால் பத்துக்கு இரண்டு மூன்றுதான் தேறும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஈரம் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது; தேங்கினால் நாற்றின் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கருத்துச் சாய்ந்துவிடும். விதையைச் சூடோமோனாஸ் (உரக்கடையில் கிடைக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் இந்த அழுகல் குறையும். தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு உண்டு. நாற்று 35 முதல் 40 நாளில் நடவுக்குத் தயாராகும். ஒரு வளர்ப்புப் பைக்கு ஒரு செடி.

பெரம்பூர்: இலை எல்லாம் சுருண்டு போச்சு சார். மெட்ரோ வாட்டர்தான் ஊத்துறோம்.

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்திருந்தால் இலைப்பேன், சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பேன். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) கேட்கும், ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, இலை கருகிவிடும். செடி குட்டையாகி, நுனியில் பொடி இலைகள் கொத்தாக நெருங்கியிருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்தில்லை. பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

திருவொற்றியூர்: ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி வீணாகுதேன்னு செடிக்கு ஊத்துறேன். நுனி காயுது, பூவும் கொட்டுது.

இன்றைக்கே நிறுத்துங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் வந்த உப்பையெல்லாம் திரட்டி அந்தக் குழாய் வழியாகத்தான் மெஷின் வெளியே தள்ளுகிறது. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கரையோரத்தில் போர் போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் உப்புத் தாங்காத செடி. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 600-க்குக் கீழே காட்டினால் நல்லது; 1000 தாண்டினால் காய்ப்பு குறையும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. நல்ல தண்ணீரைத் தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிடுங்கள். ஐப்பசி மழை இந்த வேலையைத் தானே செய்துவிடும். தொட்டியை மூடி வைக்காதீர்கள். கழிவுத் தண்ணீர் கழிவறைக்கு ஆகட்டும்.

ராயபுரம்: மீன் கழுவின தண்ணியை எங்க அம்மா முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும்தான் ஊத்துவாங்க. நல்லாத்தானே வந்துச்சு? மிளகாய்க்கு அது வேணாம்னு முன்னாடி சொன்னீங்களே, ஏன்?

அக்கா, அது தரையில் நின்ற மரம். வேர் ஆழம் போகும், மழை உப்பை அடித்துக்கொண்டு போகும். பன்னிரண்டு அங்குலப் பையில் போட்டது போட்ட இடத்திலேயே தங்கும். மீனைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்துத்தானே கழுவுகிறோம்?

ராயபுரம் மறுபடி: முதல் கழுவல்லதான் உப்பு. மூணாவது தண்ணி வெறும் ரத்தத் தண்ணிதான்!

சரி, அது நியாயம். மூன்றாவது தண்ணீரை இன்னும் இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றுங்கள், ஊற்றிய இடத்தை மண்ணால் மூடுங்கள். இல்லையென்றால் ஈயும் பூனையும் வந்துவிடும்.

காசிமேடு: அப்போ மீன் அமிலம்?

அதுதான் முறையான வழி, தம்பி. உங்களுக்குக் குடலும் செவுளும் சும்மாவே கிடைக்கும். சம எடை வெல்லம் சேர்த்து, மூடியைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நாற்றம் குறைந்து தேன் பதத்தில் திரவம் நிற்கும். லிட்டருக்கு 5 மில்லி. இது தழைச்சத்து; பூ வரும்வரைதான். பூத்தபிறகும் ஊற்றினால் இலைதான் தழைக்கும். அப்புறம் பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி. சாம்பல் போடச் சொல்வார்கள். போர்த் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, இங்கே வேண்டாம்.

தண்டையார்பேட்டை: கருவாடு ஊறவெச்ச தண்ணி?

வேண்டவே வேண்டாம். அது உப்புக் கரைசல்.

கொருக்குப்பேட்டை: இலை சுருளுது, என்ன மருந்து?

பெரம்பூர்க்காரருக்கு மேலே எழுதியிருக்கிறேன்.

எண்ணூர்: பூ கொட்டுது சார்.

தண்ணீர் எது என்று எழுதவில்லையே. போர் என்றால் திருவொற்றியூர் பதிலைப் படியுங்கள். நல்ல தண்ணீர் என்றால் வெயில்தான் காரணம். 35 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்காது. சித்திரை, வைகாசியில் நிழல் வலை கட்டுங்கள்.

புளியந்தோப்பு: ரோஜா மொட்டு கருகுது.

ரோஜா வளர்ப்பவரிடம் கேளுங்கள். நான் மிளகாய் மட்டும்.

வண்ணாரப்பேட்டை: ராமநாதபுரம் குண்டு மிளகாய் இங்க வருமா?

வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. ஆனால் பறித்த பழம் அந்த ஊர் வறண்ட வெயிலில் காய்வது போல நம் கடல் ஈரக்காற்றில் காயாது, பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் உள்ளே எடுத்து வையுங்கள்.

ஓட்டேரி: எப்போ பறிக்கணும்?

நட்டு இரண்டரை மாதத்தில் பச்சைக் காய் தயார். காம்போடு, கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் கிளை ஒடியும். பறிக்கப் பறிக்கத்தான் புதுப் பூ வரும். விதைக்கு மட்டும் நல்ல செடியில் ஒரு காயை முழுச் சிவப்பாகும்வரை விடுங்கள். விதை எடுக்கும்போது கையுறை போடுங்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும் நரம்பில்தான் காரம் அதிகம்.