இழுத்து வரிசை மாற்றும் பட்டியலை வெப் ஆப்பில் சேர்ப்பது எப்படி?

பட்டியலில் உள்ளவற்றை விரலால் இழுத்து மேலே கீழே மாற்ற வேண்டும், பக்கத்தை மறுபடி திறந்தாலும் மாற்றிய வரிசை அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இழுப்பதற்கு சார்ட்டபிள் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி போதும், பத்து வரிக்குள் முடிந்துவிடும். வரிசையை நிலைக்க வைப்பதில்தான் எனக்கு நாள் போனது. அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். சித்தப்பாவிடம் நெல் அறுக்கும் வண்டி இரண்டு இருக்கிறது, ஒன்று டயர் வண்டி, ஒன்று செயின் வண்டி. தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கினால், அடுத்து யார் வயல் என்பதை நோட்டில் எழுதி அடித்து எழுதுவார். ஒரு மழை பெய்தால் போதும், டயர் வண்டிக்கு வைத்திருந்த வயலெல்லாம் காயும் வரை பின்னால் போகும். நடுவில் இருக்கும் வயலுக்குத் தனி வழி கிடையாது, முன்னால் உள்ளவர் வயலை அறுத்த பிறகுதான் வண்டி உள்ளே இறங்க முடியும். அந்த நோட்டுக்குப் பதிலாக ஒரு ஆப் எழுதினேன். வரிசை ஒரு நாளில் நாலைந்து தடவை மாறும், மாற்றுவது எல்லாம் ஃபோனில்தான்.

முதலில் பிரவுசரிலேயே இருக்கும் டிராக் அண்ட் டிராப் வசதியைப் போட்டுப் பார்த்தேன். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 காலத்து அமைப்பிலிருந்து வந்தது, மவுஸை நினைத்துச் செய்தது. தொடுதிரையில் அதை நம்ப முடியாது. சார்ட்டபிள் ஜேஎஸ் தொடுதலையும் பார்த்துக்கொள்கிறது.

அதில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். முழு வரியையும் இழுக்கும்படி விட்டால், பட்டியலை மேலே தள்ளிப் பார்க்கிறவர் தெரியாமலே யாரோ ஒருவரின் இடத்தை மாற்றிவிடுவார். அதனால் ஹேண்டில் என்ற ஆப்ஷனைக் கொடுத்து, வரியின் ஓரத்தில் ஒரு பிடியை வையுங்கள், அதைப் பிடித்தால் மட்டும் நகரட்டும். பிடிக்கு சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் நன் (touch-action: none) என்று போட்டுவிட்டால் பக்கமும் சேர்ந்து நகராது. இன்னொன்று, பிடி பெரிதாக இருக்கட்டும். வயல் வரப்பில் வெயிலில் நின்றுகொண்டு, சேறு பட்ட கட்டைவிரலால் தொடுகிறவரை நினைத்து அளவு வையுங்கள்.

சரி, சேமிப்பது. நகர்த்தி முடித்ததும் ஆன்எண்ட் என்ற நிகழ்வு வரும். நான் அதில் பட்டியலின் எல்லா ஐடிகளையும் வரிசையாக சர்வருக்கு அனுப்பி, 1, 2, 3 என்று எண் போட்டுச் சேமித்தேன். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பட்டியலுக்கு இது நல்ல வழி, ஐம்பது நூறு வரி என்றால் வேகமும் குறையாது. எங்களிடம் சித்தப்பாவும் அவருடைய டிரைவரும் தனித்தனி ஃபோனில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார்கள். சித்தப்பா காலையில் ஒருவரை முன்னால் வைத்தார். டிரைவர் ஃபோனில் பழைய பட்டியலே இருந்தது, அவர் வேறு ஒரு வரியை நகர்த்தியதும் பழைய வரிசை முழுவதும் சர்வருக்குப் போய், சித்தப்பா மாற்றியதை அழித்துவிட்டது. "ஏண்டா, காலையில நான் மாத்தி வச்சது எங்கடா போச்சு?" என்று சித்தப்பா கேட்டபோது வண்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. அன்று வரும் என்று ஆளைக் கூட்டிவைத்துக் காத்திருந்தவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது முழுப் பட்டியலையும் அனுப்புவதில்லை. "இந்த ஐடி, அந்த ஐடிக்குப் பின்னால்" என்று நடந்த நகர்வை மட்டும் அனுப்புகிறேன். எத்தனையாவது இடம் என்ற எண்ணையும் அனுப்பாதீர்கள், அடுத்தவர் ஒரு வரியை நீக்கினாலே அது தப்பாகிவிடும். டேட்டாபேஸில் இடத்தை 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். 1000க்கும் 2000க்கும் நடுவில் வருபவருக்கு 1500. இப்படி வைத்தால் ஒரு நகர்வுக்கு ஒரே ஒரு வரிதான் மாறும், மற்றவர் செய்த மாற்றத்தில் கை படாது. ஒரே இடுக்கில் ஒன்பது பத்து தடவை பாதி பாதியாக நுழைத்தால் இடைவெளி தீர்ந்துபோகும். அப்போது மட்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எல்லாவற்றுக்கும் புதிதாக எண் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வரிக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறோமோ அந்த வரியே அறுப்பு முடிந்து பட்டியலிலிருந்து போயிருந்தால், சர்வர் மறுத்துவிட்டுப் புதிய பட்டியலை அனுப்ப வேண்டும்.

அப்புறம், இழுக்காமலும் மாற்ற வழி வையுங்கள். உடல் குறை உள்ளவர்களும் வெப் பக்கங்களைப் பயன்படுத்த வழி சொல்லும், 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 விதிகளே, இழுத்தே ஆக வேண்டியவை தவிர மற்றதை இழுக்காமல் தட்டியும் செய்ய வழி வேண்டும் என்று ஏஏ என்ற நடு நிலையில் கேட்கின்றன. விரல் நடுங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நாற்பதாவது வரியை இரண்டாவது இடத்துக்குச் சின்னத் திரையில் இழுத்துக்கொண்டு போவது யாருக்குமே சிரமம்தான். நான் ஒவ்வொரு வரியிலும் மேலே, கீழே, முதலில், கடைசியில் என்று நான்கு பட்டன் வைத்தேன். மழை நாளில் சித்தப்பா தொடுவது 'கடைசியில்' பட்டனைத்தான்.

வயல்வெளியில் சிக்னல் விட்டு விட்டு வரும். சேமிப்பு தோற்றால் வரியைப் பழைய இடத்துக்கே திருப்பி, "சேமிக்கவில்லை" என்று தெளிவாகக் காட்டுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு ஃபோனில் ஒரே பட்டியலைத் திறந்து, ஒன்றில் நெட்டை அணைத்துவிட்டு, இரண்டிலும் மாறி மாறி நகர்த்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கமெண்டில் எழுதினால், என் சர்வர் பக்கக் கோடை உங்கள் டேபிளுக்கு ஏற்ப மாற்றித் தருகிறேன்.