பழைய பிளாஸ்ட் சீருடை: துவைக்கும் முன் தெரிய வேண்டியவை

கேள்வி: டொரொண்டோவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு உக்ரேனிய அம்மா வீடு மாறும்போது, தன் மறைந்த கணவரின் சாரணர் சட்டையைத் தந்தார். காக்கி நிறம், இரு வண்ணக் கழுத்துத் துணி, பூவிதழ் போன்ற உலோகச் சின்னம். இவற்றுக்கு என்ன பொருள்? துவைக்கலாமா? பள்ளிப் பண்பாட்டு விழாவுக்கு மகன் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அது உக்ரேனியச் சாரணர் இயக்கமான பிளாஸ்டின் சீருடை. 1911-இல் லிவிவ் நகரில் உருவான இயக்கம். முதல் உறுதிமொழி 1912 ஏப்ரல் 12 அன்று எடுக்கப்பட்டது. 1930-இல், லிவிவ் அடங்கிய கலீசியாப் பகுதியை அப்போது ஆண்ட போலந்து அரசு அங்கே அதைத் தடை செய்தது. பின்னர் வந்த சோவியத் ஆட்சியும் அனுமதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி, ஆஸ்திரியா அகதி முகாம்களில் மீண்டும் தளிர்த்து, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினாவில் வேரூன்றியது. ஆகவே 1950–80களின் சட்டை என்றால், அது பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்கள் தைத்தது. அன்று தாயகத்தில் அணிய முடியாத உடை என்பதாலேயே அதற்கு இவ்வளவு மதிப்பு.

சின்னத்தை உற்றுப் பாருங்கள். உலகச் சாரணர்களின் மூவிதழ் லில்லியோடு உக்ரேனின் திரிசூலம் பின்னியிருக்கும். மூன்று இதழ்களும் மூன்று கடமைகள்: கடவுளுக்கும் உக்ரேனுக்கும் உண்மையாக இருத்தல், பிறருக்கு உதவுதல், பிளாஸ்ட் விதிகளின்படி வாழ்ந்து தலைமைக்குக் கீழ்ப்படிதல். கழுத்துத் துணியின் வண்ணம் குரீன் எனும் சாரணர் குழுவுக்குக் குழு மாறும். கையில் தைத்த துணிச்சின்னங்கள் முகாம்களையும் கற்ற திறன்களையும் சொல்லும். அதனால் எதையும் பிரிக்காதீர்கள். எது எங்கே இருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

உலோகச் சின்னம் உறுதிமொழி எடுத்தவருக்கே உரியது. விழாவில் மகன் அதை அணிவது சரியல்ல. சட்டையை ஹேங்கரில் மாட்டி, பக்கத்தில் விளக்க அட்டை வைத்தால் அழகாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

துவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் முன்னும் பின்னும், ஒவ்வொரு சின்னத்தையும் அருகிலும் படமெடுங்கள். உலோகச் சின்னத்தை இடம் குறித்துவிட்டுக் கழற்றித் தனியே வையுங்கள். செம்புக் கலவை பச்சை பிடித்தால் துணியில் கறை ஏறும். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை எம்பிராய்டரியின் உட்புறம், கண்ணில் படாத நூலில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் படவே கூடாது. சிவப்பு நூல்தான் அதிகம் காலை வாரும். ஒட்டாவிட்டாலும் மெஷின் வேண்டாம். தூசியை மென்தூரிகையால் தட்டினாலே போதும்.

மடிப்புகளுக்குள் அமிலமற்ற திசுத்தாளைச் சுருட்டி வைத்து, அட்டைப்பெட்டியில் இருட்டாக, உலர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை வரவழைக்கும். அந்துருண்டையும் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் பொத்தான்களை இளக்கிவிடலாம்.

டொரொண்டோவிலேயே பிளாஸ்ட் கிளை இருக்கிறது. படங்களைக் காட்டினால் எந்தக் குரீன், எந்த முகாம் என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே கிடைப்பார்கள். அதற்கு முன், அந்த அம்மாவிடம் கணவர் பெயரையும் முகாம் ஆண்டுகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.