வலது கைக்கு மட்டும் ஏன் தைலம்?

*வாசகர் கடிதம்:* என் வயது 34. குழித்துறைக்குப் பக்கத்தில் வீடு. தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. குடி, புகை, சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு பொழுதுபோக்கு. ஐரோப்பாவின் இடைக்காலப் போர்வீரர்கள் அணிந்த கவசத்தையும் உடையையும் அந்தக் காலத்து முறைப்படியே செய்து, அணிந்துகொண்டு, மழுங்கிய வாளால் விதிப்படி சண்டையிடுவது. திருவனந்தபுரத்தில் ஒரு குழு இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிறு போகிறேன். விரல் முறியாமலிருக்க 6,500 ரூபாய்க்குக் கையுறை வாங்கினேன். இப்போது 22,000 வளையங்கள் கொண்ட சங்கிலிக் கவசம் முடியும் தறுவாயில் இருக்கிறது. படத்தைக் குழுவில் காட்டியபோது, இத்தனையும் ஒரே ஆள் கையால் செய்ததா என்று அசந்துபோனார்கள். அம்மா எனக்குப் பக்கபலம். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) முப்பது வருடம் இருந்தவர், கைவேகம் அதிகம். மாலையில் டிவி பார்த்துக்கொண்டே, குறடு (பிளையர்) பிடித்துப் பாதிக்கு மேல் கோத்துத் தந்துவிட்டார். மனைவிதான் எதிர்ப்பு. "எங்கே வேண்டுமானாலும் போங்கள், எதை வேண்டுமானாலும் உடுத்துங்கள், அந்தக் கம்பியை மட்டும் இந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்" என்கிறாள். இதை மாமியார் மருமகள் சண்டை என்று நினைக்க வேண்டாம். அம்மாவின் வலது கைக்குத் தினமும் ராத்திரி கொட்டம்சுக்காதி தைலம் தேய்த்துவிடுவதே அவள்தான். அவ்வளவு ஒட்டுதல். இந்தக் கலையின் அருமையை அவளுக்குப் புரியவைப்பது எப்படி? கவசம் முடிந்ததும் உதயகிரிக் கோட்டையில், டச்சுப் படையில் வந்த டிலனாயின் கல்லறை அருகே நின்று படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

*பதில்:*

தம்பி,

"மனைவிக்குப் புரியவைப்பது எப்படி" என்று முடிகிற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. புறா வளர்ப்பவர் எழுதுகிறார், சண்டைச் சேவல் வளர்ப்பவர் எழுதுகிறார், பழைய புல்லட்டைக் கழற்றி முன்னறை முழுவதும் பரப்பி வைத்திருப்பவர் எழுதுகிறார். குடியும் புகையும் இல்லை என்று எல்லோரும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறீர்கள், நீங்கள் குடிக்காததற்கு வீட்டிலுள்ளவர்கள் ஏதோ கடன்பட்டவர்கள் என்பதுபோல. அந்த வரியை நான் தாண்டிப் போய்விடுவேன்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றது தைலத்தில்.

வீட்டில் ஒற்றுமை இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கை ஒரு நொடி நின்று யோசித்திருக்க வேண்டாமா? நம் பக்கத்து வயதான பெண்கள் தைலம் போடுவது முழங்காலுக்கு, இடுப்புக்கு. உங்கள் அம்மாவுக்கு வலது கையில் மட்டும், அதுவும் ஒரு நாள் விடாமல் தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறடு அவருக்கு எந்தக் கையில், தம்பி? ஒரே பத்தியில், மூன்று வரி இடைவெளியில், குறட்டு வேலையையும் வலியையும் நீங்களே எழுதிவைத்துவிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல மனைவியைப் பற்றிக் குறை சொல்லப் போய்விட்டீர்கள்.

கணக்கு வேலை பார்ப்பவர்தானே, கணக்குப் பார்ப்போம். 22,000-இல் பாதி 11,000. இன்னும் அதிகம் என்று நீங்களே சொல்கிறீர்கள், குறைத்தே வைத்துக்கொள்வோம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை இரும்புத் தண்டில் சுற்றி, வெட்டி, வளையமாக்கிக் கொடுப்பது நீங்களாக இருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு வளையத்தையும் குறட்டால் பிடித்துத் திறக்க வேண்டும், பக்கத்து வளையங்களுக்குள் நுழைக்க வேண்டும், இரண்டு நுனியும் இடைவெளியில்லாமல் பொருந்துகிறவரை முறுக்கி மூட வேண்டும். கைவேகம் உள்ளவருக்கும் அரை நிமிடம் ஆகும். 11,000 வளையத்துக்கு 5,500 நிமிடம். தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல். வளையம் ஒன்றுக்குத் திறக்க ஒரு முறுக்கு, மூட ஒரு முறுக்கு என்றால் 22,000 தடவை அந்த மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. துத்தநாகப் பூச்சுக் கம்பியில் வேலை செய்தால் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். சோப்புப் போட்டாலும் உடனே போகாது. அம்மா சோறு பிசையும்போது அந்த விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கைவேகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? வறுத்த முந்திரிக்கொட்டையை மரச்சுத்தியால் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, தரையில் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். கூலி நாளுக்கு அல்ல, உடைத்தெடுத்த பருப்பின் எடைக்கு. கை மெதுவானால் அன்றைக்கு வீட்டில் அரிசி குறையும். நீங்கள் மெச்சிக்கொள்கிற வேகம் அந்தக் கூலி கற்றுக்கொடுத்தது. முப்பது வருடம் அந்த வேலை செய்து, உங்களைப் படிக்கவைத்து, கணக்கு எழுதும் நாற்காலியில் உட்காரவைத்து, இனி ஓய்வு என்று வீட்டுக்கு வந்தவரின் கையில் குறட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். அண்டியாபீசில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாவது இருந்தது.

கையுறை விஷயத்தையும் விடப்போவதில்லை. மழுங்கிய வாள் என்றாலும் எஃகு எஃகுதான். விரலில் பட்டால் முறியும், கையுறை தேவைதான், நான் மறுக்கவில்லை. உங்கள் விரலுக்கு 6,500 ரூபாய். உங்களுக்காகக் குறடு பிடித்த விரலுக்கு ஒரு புட்டி தைலம், அதையும் வாங்கி வந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி வாங்கியிருப்பாள்.

இனி அவள் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் அதை எதிர்ப்பு என்று படித்திருக்கிறீர்கள். எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்கிறாள். ஆகவே திருவனந்தபுரத்தில் அவளுக்கு வருத்தமில்லை. எதை வேண்டுமானாலும் உடுத்துங்கள் என்கிறாள், வேஷத்திலும் வருத்தமில்லை. வாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கம்பி, அதுவும் இந்த வீட்டுக்குள் வரும் கம்பி, அது மட்டும்தான் அவளுக்கு ஆகவில்லை. ஏன் என்று நேராகச் சொல்லாததற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. ராத்திரி தைலம் தேய்க்கும்போது மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனிடம் சொல்லிவிடாதே, பிள்ளை ஆசையாகச் செய்கிறான்" என்று சொல்லியிருப்பார். இவள் வாக்குக் கொடுத்திருப்பாள். மாமியாரைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. கெட்ட பெயரைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கம்பியை மட்டும் தடுக்கப் பார்க்கிறாள். இப்படி ஒரு மருமகள் வாய்த்த வீட்டில், கலையின் அருமையை அவளுக்குக் கற்றுக்கொடுக்க நீங்கள் என்னிடம் உபாயம் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் பொழுதுபோக்கோடு எனக்குச் சண்டை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1966-இல் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்து விருந்தாகத் தொடங்கியது இன்று பல நாடுகளில் கிளைவிட்ட சங்கமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1968-இல் பிரிகேடியர் பீட்டர் யங் தங்கள் நாட்டு உள்நாட்டுப் போரை நடித்துக்காட்ட ஒரு சங்கத்தையே அமைத்தார். அறிவுள்ளவர்கள் செய்கிற காரியம்தான். உட்கார்ந்து ஒரு பொருளைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவரும் காலத்தில் நீங்கள் செய்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்தக் காலத்து முறைப்படியே என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காலத்து முறை என்ன? வீரன் தன் கவசத்தைத் தன் தாயிடம் கொடுத்துக் கோக்கவில்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் போன்ற ஊர்களில் அதற்கென்றே கைவினைஞர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கூலி இருந்தது. வளையத்தின் நுனிகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி அடித்து இறுக்கினார்கள். உங்களுடையதைப்போல வெறுமனே முறுக்கி மூடியதாக இருந்தால் ஒரு நல்ல குத்தில் வாய் பிளந்திருக்கும். அந்தக் கைவினைஞர்களில் சிலர் தம் பெயர் பொறித்த பித்தளை வளையம் ஒன்றையும் இரும்பு வளையங்களுக்கு நடுவே கோத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வளையங்கள் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. செய்தவன் யார் என்பது கவசத்திலேயே தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய நேர்மை. இத்தனையும் ஒரே ஆள் கையால் செய்ததா என்று உங்கள் குழுவில் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அதை எழுதவில்லை. அசந்துபோனார்கள் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள்.

உதயகிரி ஆசை பற்றி இரண்டு வார்த்தை. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக் கம்பெனிப் படை துப்பாக்கியும் பீரங்கியுமாக வந்த படை. சங்கிலிக் கவசத்தின் காலம் அதற்குள் ஐரோப்பாவில் முடிந்துவிட்டது. பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார், 1777-இல் இறந்தார். நம் நாட்டு வீரனோ, 16-ஆம் நூற்றாண்டில் மலபாருக்கு வந்த போர்ச்சுகீசியர் பர்போசா எழுதியதைப் பார்த்தால், இடுப்புக்கு மேல் துணிகூட இல்லாமல் வாளும் கேடயமுமாக நின்றவன். இந்த வெயிலில் பத்துக் கிலோ இரும்பைத் தோளில் போட எவனுக்கும் தோன்றியிருக்காது. அந்தக் கல்லறை அருகே உங்கள் கவசத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. படம் எடுத்தே தீர வேண்டுமென்றால் எடுங்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பூங்கா, வாளோடு உள்ளே போகலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. கம்பிச் சுருளும் குறடும் இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். நண்பர் வீட்டிலோ, ஒரு பட்டறையிலோ இடம் பிடியுங்கள். மீதி வளையங்களை நீங்களே கோத்து முடியுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும், எந்தப் போரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அம்மாவிடம் போய் "கை வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் வரும். "சும்மாதானே இருக்கிறேன் மக்களே, கொண்டா" என்று கையை நீட்டுவார். கேட்பதைவிடப் பாருங்கள். தேங்காய் துருவும்போது நடுவில் நிறுத்திக் கையை உதறுகிறாரா, ஊறுகாய்ப் பாட்டில் மூடியை மருமகளிடம் நீட்டுகிறாரா, ரவிக்கைக் கொக்கியை மாட்ட இடது கையால் தடவுகிறாரா, விடியற்காலையில் விரல் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உங்களுக்கு உறைக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே கோத்தார் என்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள், வளையத்தை எண்ணியிருப்பீர்கள், இந்த வரிசை சரி, அந்த வரிசை கோணல் என்று பேசியிருப்பீர்கள். வேலை, குழு, கைபேசி என்று ஓடுகிற மகன் மாலையில் ஒரு மணி நேரம் தன்னோடு உட்கார்கிறான். அதற்கு விலை குறடு என்றால் குறடு. எந்தத் தாயும் அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டாள் என்பதற்காக மகன் வாங்கிக்கொள்ளலாமா? பெற்றவளின் உழைப்பு தனக்கு இலவசம் என்று நினைக்கிற ஆண் எத்தனை பெரிய வாளைத் தூக்கினாலும் என் கணக்கில் சிறு பிள்ளைதான். கம்பி வெளியே போன பிறகும் அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்கு உரியது. வெறுங்கையோடு போய் உட்காருங்கள். பேச ஒன்றும் கிடைக்காவிட்டால் அண்டியாபீஸ் கதையைக் கேளுங்கள்; முப்பது வருடக் கதையில் நீங்கள் கேட்காதது நிறைய இருக்கும். தைலத்தையும் சில நாள் நீங்களே தேய்த்துவிடுங்கள். எந்த விரலின் அடியில் தொட்டால் அவர் முகம் மாறுகிறது என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மனைவியிடம் கலையைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். கம்பியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளே பார்த்துக்கொள்வாள்.

தைலத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. அம்மாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நீங்கள் நம்புகிற எலும்பு மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கலாம், விரல் மூட்டு தேய்ந்திருக்கலாம், பழைய வேலையின் மிச்சமாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கூட மருமகளை அனுப்பிவிட்டு நீங்கள் அலுவலகம் போகக் கூடாது. விடுப்பு எடுங்கள். "கையால் என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா?" என்று மருத்துவர் கேட்பார். "ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார் அம்மா. அப்போது வாயைத் திறந்து வளையக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.