அலுமினிய பானட் நசுங்கலுக்கு வெந்நீர் உதவாது

கார் பானட்டில் (எஞ்சின் மூடியில்) உள்ளங்கை அளவு பள்ளம், பெயின்ட் உரியவில்லை, வெந்நீர் ஊற்றித் தட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வித்தை பிளாஸ்டிக் பம்பருக்குத்தான் பலிக்கும். முதலில் அடிபடாத இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வேலை பாதி சுலபம்.

அலுமினியம்தான் என்றால் பொறுமை வேண்டும். இரும்பைப் போல இது பழைய வடிவத்துக்குச் சுலபமாகத் திரும்பாது, ஒரே இடத்தை மறுபடி மறுபடி வளைத்தால் இறுகி விரிசல் விடும். ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றிவிட்டு, உள்பக்கமிருந்து மர அல்லது பிளாஸ்டிக் முனையால் பள்ளத்தின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், ஒரே தள்ளலில் முடிக்கப் பார்த்தால் வெளிப்பக்கம் மேடாகிவிடும், அதை இறக்குவது இன்னும் பெரிய தலைவலி. உள்சட்டம் மறித்தால் பசை வைத்து இழுக்கும் கிட் இருக்கிறது.

தீ கக்கும் கேஸ் டார்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில் உருகிவிடும், பெயின்ட் அதற்கு வெகு முன்பே போய்விடும். அப்புறம், இரும்பில் பயன்படுத்திய சுத்தியல், உப்புத்தாள் எதையும் இதில் வைக்காதீர்கள், துகள் பதிந்து அரிப்பு தொடங்கும். கூர்மையாக மடிந்த கோடு இருந்தால் கை வைக்காமல் நசுங்கல் எடுப்பவரிடமே விட்டுவிடுங்கள்.