மரணத்தின் கூர் இன்னும் குத்துகிறதே!

கேள்வி: அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு மாதம் ஆகிறது. அடக்கத்தன்று எங்கள் தோப்பில் மாங்காய் பறிக்க வரும் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சபை மூப்பர் ஒருவர், 'விசுவாசி வீட்டில் இது கூடாது' என்று நிறுத்திவிட்டார். என்னையும் அழக்கூடாது என்றார். இன்றுவரை அழுதுகொண்டுதான் இருக்கிறேன். என் விசுவாசம் அவ்வளவுதானா? கல்லறையில் 'மரணமே! உன் கூர் எங்கே?' என்று பொறிக்க அண்ணன் ஏற்பாடு செய்கிறார். எனக்கு அதைப் படிக்கவே முடியவில்லை.
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, மூப்பர் எந்த வசனத்தை மனதில் வைத்துப் பேசினார் என்று ஊகிக்க முடிகிறது. 1 தெசலோனிக்கேயர் 4:13. பாதி வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து, துக்க வீட்டில் வாயடைக்கப் பயன்படுத்துவது நம் சபைகளில் பழகிப்போன ஒன்று. 'நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல' துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் மகனை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கிற தாய்க்கு, பொங்கலுக்கு அவன் வந்துவிடுவான் என்பது தெரியாதா என்ன?

பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. அவனை எழுப்பப் போகிறோம் என்பது இயேசுவுக்குத் தெரியும். இன்னும் சில நிமிடங்களில் கல்லைப் புரட்டச் சொல்லப் போகிறார். அப்படியிருந்தும் 'இயேசு கண்ணீர் விட்டார்.' அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்க அங்கே மூப்பர் யாரும் இல்லை, நல்லவேளை. ஸ்தேவானைப் புதைத்தவர்களைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 8:2 சொல்வதையும் வாசியுங்கள். 'தேவபக்தியுள்ள மனுஷர்' மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று இருக்கிறது.

அண்ணன் தேர்ந்தெடுத்த வசனம் அருமையானது. ஆனால் 1 கொரிந்தியர் 15-இல் அதற்கு முந்தைய வசனத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அழிவுள்ள இது அழியாமையைத் தரித்துக்கொள்ளும்போதுதான் அந்த வார்த்தை நிறைவேறும் என்கிறார் பவுல். அந்த நாள் இன்னும் வரவில்லை. அதே அதிகாரத்தின் 26ஆம் வசனத்தில் மரணத்தைக் 'கடைசிச் சத்துரு' என்றே அழைக்கிறார். சத்துரு குத்தினால் வலிக்கும். அம்மாவின் மூக்குக்கண்ணாடி அலமாரியில் அப்படியே இருக்கும்போது கூர் எங்கே என்று கேட்டால், இதோ இங்கே என்றுதான் உங்களால் சொல்ல முடியும். அதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால், 1 தெசலோனிக்கேயர் 4:17-இன் கடைசிச் சொற்களைப் பொறிக்கச் சொல்வேன்: 'எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்.' அம்மா 'இருப்பார்' என்று அங்கே எழுதவில்லை. 'இருப்போம்' என்று இருக்கிறது. உயிரோடிருக்கும் 'நாமும்', நித்திரையடைந்த 'அவர்களோடேகூட' என்று வசனமே சேர்த்துக்கட்டிவிடுகிறது. தமிழில் 'நாங்கள்' என்றால் ஒருவரை வெளியே நிறுத்திவிட முடியும். 'நாம்' என்றால் முடியாது. அண்ணனுக்கும் இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கல் வைக்க அவசரப்படாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் முடிந்து, குழி மண் இறங்கி அமர்ந்த பிறகு நட்டால் கல் சாயாது.

இன்னொன்று. ஒப்பாரியில் வரும் எல்லா வரியும் நம் விசுவாசத்துக்கு ஒத்துவராது, சரி. ஆனால் அந்தப் பெண்கள் உங்கள் அம்மாவோடு கிளை கிளையாக வேலை செய்தவர்கள். கையில் இருந்த மரியாதையைக் கொண்டுவந்தார்கள், நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். ஒரு சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். அன்று பாதியில் நின்றது எந்த வரி என்று கேளுங்கள். அம்மாவைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஏதோ ஒன்று அதில் இருக்கலாம்.